ஒரே மனை, ஒரே பத்திரம்

வீட்டை விற்ற பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த அன்று தையலக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கைபேசியில் வந்த தொகையை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் உட்கார்ந்து படுக்கை விரிப்புக்கு ஓரம் மடித்ததும், ஆபரேஷன் அங்கிக்கு நாடா வைத்ததும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. வாங்குவதற்குப் பதினெட்டு வருடம் தவணை கட்டினாள். விற்க அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அளவு சரியா வரல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். தனியாக இருப்பது அவளுக்குப் பாரமாகவே இருந்ததில்லை, முட்டி இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும். ஐம்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் காய்கறிப் பையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். மேலே போகிறவர்கள் கேட்டபோதெல்லாம், "சும்மா காத்தாட உக்காந்திருக்கேன்" என்றாள்.

அதற்கு முன்பிருந்தே தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அவளைவிட எட்டு வயது இளையவன், ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மனைவியும் பதினைந்து வயது மகளும் உண்டு. நகரத்தின் ஓரத்தில் சொந்த வீடு. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியைத் தவிர வேறொன்றும் இல்லாத நீளமான வெற்றிடம்.

"அக்கா, அவ்வளவு இடம் சும்மா கெடக்கு. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, ஒரு பாத்ரூம். ஒரே ஒரு படி கூட வெக்க மாட்டேன். இத வித்துட்டு வந்துடு" என்றான்.

"உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அவதான் முதல்ல சொன்னா."

அது உண்மைதான். தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. "அண்ணி, ஒண்ணு மட்டும். சமையக்கட்டு உங்களுக்குத் தனியா இருக்கணும். ஒரே அடுப்புல ரெண்டு பேரு நின்னா ஆறு மாசத்துல முகம் குடுத்துப் பேச மாட்டோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தையலக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

கட்ட அனுமதி வாங்க நகராட்சி அலுவலகத்துக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து போனார்கள். வரைபடத்தில் முத்திரை வைத்த எழுத்தர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது துணைக் குடியிருப்பு. ஒரே மனை, ஒரே பத்திரம். பின்னாடி கட்றதுக்குத் தனிப் பத்திரம் கெடையாது, தனியா விக்கவும் முடியாது. தெரியுமில்ல?" என்றார்.

"நாங்க என்ன விக்கவா போறோம்?" என்று தம்பி சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த வார்த்தை உள்ளே புகுந்துகொண்டு வெளியேற மறுத்தது. மனை தம்பி பெயரில். பத்திரமும் அவன் பெயரில். அதன்மேல் நிற்கப் போகும் செங்கல்லும் சிமெண்டும் மட்டும் அவளுடையது. பக்கத்தில் தம்பி கண்ணயர்ந்து அவள் தோளில் சாய்ந்திருந்தான். இவனிடம் போய் எப்படிக் கேட்பது? கூடப் பிறந்தவனிடம் பத்திரம் பேசினால் நாக்கு கூசாதா? கேட்காமலே இருந்துவிட்டாள்.

கட்டும் வேலையை மேஸ்திரி ஒருவர் எடுத்துக்கொண்டார். காதில் பென்சிலைச் செருகியிருப்பார், எவ்வளவு ஆகும் என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். அடித்தளம், சுவர், கூரை, பூச்சு என்று நாலு தவணை.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"என் வாக்கு போதாதாக்கா?"

"தாராளமா போதும். பேப்பர்ல இருந்தா ரெண்டு பேருக்கும் மறக்காது, அவ்வளவுதான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவளிடம் இருந்த பணம் நாலு தவணைக்கும் சரியாக வந்தது. அதற்கு மேல் கொஞ்சம் நின்றது. அந்தக் கொஞ்சம்தான் அவளுடைய வருங்காலம், வைத்தியம், எல்லாம்.

முதல் வாரமே செலவு கையைக் கடித்தது. தோண்டிய இடத்தில் பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்று குறுக்கே ஓடியது. வரைபடத்தில் அது இல்லை. குழாயைச் சுற்றிவிடாமல் அடித்தளம் போட முடியாது என்றார் மேஸ்திரி. இரண்டு நாள் பள்ளத்தின் விளிம்பில் நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். வருங்காலத்தில் பாதி மண்ணுக்குள் போயிற்று.

அவளுடைய மாடி வீட்டை வாங்கியவர்கள் குடிவந்துவிட்டார்கள். தம்பி மகளின் அறையில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். தையல் மெஷின் நடைவழியில் நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் இடுப்பில் இடித்துக்கொண்டார்கள். "அத்தை, உன் மெஷின் என்னை முட்டுது" என்று அந்தப் பெண் தினமும் புகார் சொன்னாள். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அவள் கழுத்தில் அளவு நாடாவை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போவாள். ஒருநாள் பாத்ரூம் சுவர் நாலு அங்குலம் உள்ளே தள்ளி எழும்பியிருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டு வரிசைச் செங்கல்லைப் பிரிக்க வைத்தாள். "இந்தக்கா இருக்கிற வரைக்கும் நமக்குத் தூக்கம் கெடையாது" என்று மேஸ்திரி ஆட்களிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சுவர் முழு உயரத்துக்கு எழுந்து, இரண்டாம் தவணையும் கைமாறிய நாலாம் நாள், நடுப்பகலில் ஒருவர் வந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று வீட்டைப் படம் எடுத்தார். பிறகு பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, கூரையில்லாத சுவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். கையில் தடித்த கோப்பு. நகராட்சி ஆள் என்று நினைத்து, அவள் அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இது எப்போ கட்ட ஆரம்பிச்சீங்க?" என்றார்.

"ரெண்டு மாசமாச்சு. எல்லாம் முறைப்படிதான் சார்."

"எங்களுக்குத் தகவலே இல்லையே."

"எந்த ஆபீஸ் நீங்க?"

"பேங்க்ல இருந்து வரேன், மதிப்பு போட."

"எதுக்கு மதிப்பு?"

அவர் கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க வீட்டுக்காரரா?"

"அவரோட அக்கா. இது என் பணத்துல கட்றது."

அந்த மனிதரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசும்போது டாக்டர்களுக்கு அப்படி முகம் மாறும். "நான் இதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. தம்பிகிட்ட கேளுங்க. சீக்கிரம் கேளுங்க" என்றார். போகத் திரும்பியவர் மறுபடி நின்று, "மனை மேல எது நின்னாலும் அது மனையோட சேர்த்திதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டைப் பூட்டினாளா என்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. முட்டி வலி மறந்துபோய் மூன்று தெரு தள்ளியிருந்த தம்பியின் கடைக்கு நடந்தே போனாள். உள்ளே நாலு ஃப்ரிட்ஜ் கதவு திறந்து நின்றன. தம்பி தரையில் குப்புறப் படுத்து ஒன்றின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

"பேங்க்ல இருந்து ஆள் வந்திருந்தார்" என்றாள்.

டார்ச் அணைந்தது. அவன் எழுந்து உட்கார வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் கடையைப் பெரிதாக்குகிறேன் என்று புது ஃப்ரிட்ஜ் வாங்கி விற்கும் ஏஜென்சி ஒன்றை எடுத்தான். அதற்கு வீட்டை அடமானம் வைத்தான். எதிரிலேயே பெரிய கடை ஒன்று வந்தது, சரக்கு தேங்கிவிட்டது. ஏஜென்சி போயிற்று, கடன் நின்றது. ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லை. வங்கிக் கடிதங்கள் கடை முகவரிக்குத்தான் வரும். மனைவிக்குத் தெரியாது.

"இன்னும் நாப்பது நாள் டைம் குடுத்திருக்காங்க. அதுக்கப்புறம்..." என்று இழுத்தான்.

"அதுக்கப்புறம் என்னடா?"

"ஏலத்துக்குப் போடுவாங்க."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் வீட்டை வித்தப்போ உனக்கு இது தெரியும்."

"தெரியும்."

"என்னைக் கூப்பிட்டது என் முட்டிக்காகவா, இந்தப் பணத்துக்காகவா?"

அவன் உடனே பதில் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். பொய்யாக இருந்தாலும் நம்பியிருப்பாள். தம்பி துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பிறகு, "அக்கா, மூணாவது தவணைய மேஸ்திரிக்குக் குடுக்காம எனக்குக் குடுத்தா, பாக்கில பெரும்பகுதி அடஞ்சிடும். மெதுவா கூரை போட்டுக்கலாம். அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான்.

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த எட்டு நாளும் முள்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாப்பாட்டு மேஜையில் தம்பி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், அவள் தம்ளரைப் பார்த்துச் சாப்பிட்டாள். மேஸ்திரி தினமும் வந்து நின்றார். "மழை வரப்போகுதுக்கா. மேல மூடாம விட்டா சுவர் ஊறிடும். பணம் வந்தா நாளைக்கே கம்பி கட்டிடுவேன்." பேங்க்கில் கூட்டம், செக் புத்தகம் தீர்ந்துவிட்டது, காய்ச்சல் என்று அவள் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொன்னாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள், வாடகைக்கு ஓர் அறை பார்க்கப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டியது. வீட்டுக்கார அம்மாள் நல்லவள்தான். "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா யாருக்குப் ஃபோன் பண்ணணும்? அந்த நம்பர இதுல எழுதிடுங்க" என்று ஒரு நோட்டை நீட்டினாள். தையலக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அது தம்பியுடையது. "நாளைக்கு வந்து எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்று கணக்குப் போட்டாள். கையில் மிச்சமிருக்கும் பணம் அந்த வாடகைக்கு ஒன்பது வருடம் வரும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளுக்கு அறுபத்தேழு.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, பையைக்கூட இறக்காமல் அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"அண்ணி, கூரைக்கு நீங்க பணம் குடுக்கலியாமே. மேஸ்திரி கடை வரைக்கும் வந்து என்னைக் கேக்கறார்."

"குடுக்கணும்..."

"என் மேல கோவமா? தனிச் சமையக்கட்டுன்னு நான் பட்டுனு சொன்னது மனசுல தங்கிடுச்சா? எனக்கு அப்படித்தான் அண்ணி பேச வரும். வேணும்னா ஒரே சமையக்கட்டா வெச்சுக்கலாம். அடுப்ப நீங்களே எடுத்துக்குங்க. இப்படி ஒண்ணும் சொல்லாம இருக்காதீங்க, வீட்டுல எட்டு நாளா மூச்சு முட்டுது." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தையலக்காவால் அதற்கு மேல் மென்று முழுங்க முடியவில்லை. தப்பு செய்தவன் கடையில் இருக்க, ஒன்றும் செய்யாதவள் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

தம்பி மனைவி கத்தவில்லை. "கடையில ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிக் காலாவதி தேதி பாக்கறவ நான். என் வீட்டுக்கு நாப்பது நாள்னு தேதி குறிச்சது எனக்குத் தெரியல, பாருங்க" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி வந்தபோது என்ன நடந்தது என்பதைத் தையலக்கா பார்க்கவில்லை. மருமகளை வலுக்கட்டாயமாக அழைத்துக்கொண்டு, நோட்டு வாங்கும் சாக்கில் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே சாப்பாட்டு மேஜைமேல் வங்கிக் கடிதங்கள் தேதி வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் மூவரும் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் ஓர் இளம் அதிகாரி. ஒளிவு மறைவில்லாமல் பேசினாள். பாக்கியையும் அபராதத்தையும் ஒரே தடவையில் கட்டினால் ஏல நடவடிக்கை நிற்கும். மீதிக் கடனைப் பதினைந்து வருடத்துக்கு நீட்டித் தரலாம். அந்தப் பாக்கி அக்காவின் ஒன்றரைத் தவணைப் பணத்துக்குச் சமமாக இருந்தது.

"அண்ணி குடுக்கிறதா இருந்தா பத்திரத்துல அவங்க பேரு ஏறணும். அது இல்லாம ஒரு காசு நகரக் கூடாது" என்றாள் தம்பி மனைவி.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"ஏத்தலாம், நாங்க சம்மதம் தருவோம்" என்றாள் அதிகாரி. பிறகு தையலக்காவின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்கம்மா. பேரு ஏறினா கடனும் சேர்ந்து ஏறும். அவர் கட்டலன்னா நாங்க உங்களையும் கேப்போம். வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க."

இப்படியும் போக முடியவில்லை, அப்படியும் போக முடியவில்லை. கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு மாதத்தில் இரண்டு தவணைப் பணமும் சுவரோடு ஏலத்தில் போகும். கொடுத்தால் பதினைந்து வருடக் கடனில் பங்கு. அதைக் கட்ட வேண்டியவன் ஏழு மாதம் கடிதத்தை ஒளித்து வைத்தவன். மதியம் முழுவதும் மருமகளின் அறையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி தம்பியின் கடைக்குப் போனாள்.

"குடுக்கிறேன். மூணு விஷயத்துக்கு நீ சரின்னு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுக்கா."

"பத்திரத்துல என் பேரு."

"சரி."

"பேங்க் கடுதாசி இனிமே வீட்டுக்கு வரணும். உன் பொண்டாட்டிதான் பிரிக்கணும்."

"சரி."

"கடைய மூடிட்டு சம்பளத்துக்குப் போ."

அவன் முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா பேசற? இருபது வருஷம். இது நான் கட்டினது!"

"அங்க சுவரோட நிக்குதே, அது நான் கட்டினது. அத நீ யோசிச்சியா?"

ஒரு வாடிக்கையாளர் வாசலில் தலை நீட்டினார், உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார். தம்பி ஒரு ஃப்ரிட்ஜின் கதவைச் சாத்தினான். அடுத்ததைச் சாத்தினான். நாலாவதைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, எதுக்காகக் கூப்பிட்டேன்னு" என்றான். "ரெண்டுக்கும்தான். உன்ன அந்த மாடிப்படியில நெனச்சா எனக்குத் தூக்கம் வராது, அது நெஜம். நீ பக்கத்துல வந்துட்டா கஷ்டத்துல ஒரு கை குடுப்பன்னும் நெனச்சேன். எது முதல்ல தோணுச்சுன்னு எனக்கே தெரியல."

அவள் அழவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீ பணத்த எடுத்துக்கிட்டுப் போயிடுவன்னு பயம்."

"போயிருப்பேன்தான்."

கடையை மூட அவன் சரி என்று சொல்ல மேலும் ஐந்து நாளானது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவனைவிட இருபது வயது குறைந்தவர் மேலதிகாரி. முதல் நாள் போட வேண்டிய சீருடைச் சட்டை தோளில் பிடித்தது. தையலக்கா அதை வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

பதிவு அலுவலகத்தில் கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் வந்தது. எழுத்தர் இரண்டு பெயரைப் படித்துக் காட்டியதும், தம்பி மனைவி முன்னால் வந்து நின்றாள். "என் பேரையும் சேருங்க. மூணு பேரு, சமமா."

"என்னம்மா இது, போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் எழுத்தர்.

"போன வாரம் எனக்குத் தோணல."

தாளை மாற்றி அடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி, "இனிமே உள்ள வரணும்னா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வரணும் போல" என்றான். பல நாளுக்குப் பிறகு அவன் அடித்த ஜோக். இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். தையலக்கா கையெழுத்துப் போடும்போது விரல் வியர்த்துப் பேனா வழுக்கியது. இரண்டாவது எழுத்து கோணலாகிவிட்டது. அது செல்லுமா என்று மூன்று தடவை கேட்டாள். "செல்லும்மா, செல்லும்" என்றார் எழுத்தர்.

பாக்கி கட்டிய பிறகு அவளிடம் இருந்தது அரைத் தவணையும் குழாய் விழுங்கியது போக நின்ற சில்லறையும்தான். மேஸ்திரியை உட்கார வைத்துத் தொகையைச் சொன்னாள். அவர் வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். நடுவே மறைக்கக் கூரையும் இல்லை.

"இதுக்குத் தகர ஷீட்தான் போட முடியும்க்கா. உள்பூச்சு வராது. கதவு ஒண்ணுதான். பாத்ரூமுக்குத் திரை போட்டுக்குங்க."

"திரை தைக்கத் தெரியும். ஷீட்ட ஒழுகாம போடுங்க, அது போதும்."

ஷீட் ஏறிய மூன்றாம் நாள் மழை கொட்டியது. அவள் குடை பிடித்துக்கொண்டு உள்ளே போய், நாலு மூலையிலும் கையால் தடவிப் பார்த்தாள். சமையற்கட்டு மூலையில் மட்டும் ஈரம் கசிந்தது. தகரத்தின் சத்தத்தில் காது கிழிந்தது. மேஸ்திரி மறுநாளே வந்து அந்த மூலையை அடைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை.

பூசாத செங்கல் சுவருக்குள் அவள் கட்டிலும் தையல் மெஷினும் போய்ச் சேர்ந்தன. மருமகள் நடைவழியில் இரண்டு தடவை ஓடிப் பார்த்து, "அப்பாடா, முட்டல" என்றாள். தம்பி மனைவி தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்ததில் ஜன்னல் திரைக்கு, பள்ளிச் சீருடைக்கு என்று துணி வர ஆரம்பித்தது. பெரிய வருமானமில்லை. ஆனால் மின்கட்டணத்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

புதுக் கடனின் முதல் தவணை ஐந்தாம் தேதி. தம்பிக்குச் சம்பளம் நாலாம் தேதி வர வேண்டும், வரவில்லை. ஐந்தாம் தேதி காலையிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். மதியம் தம்பி மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். வங்கிச் செய்தி அந்தப் ஃபோனுக்குத்தான் வரும்.

"அவனுக்குப் ஃபோன் பண்ணிப் பாக்கலாமா?" என்றாள் தையலக்கா.

"ரெண்டு தடவை பண்ணிட்டேன் அண்ணி. கெடங்குக்குள்ள சிக்னல் இருக்காதாம்."

"நெஜமாவே இருக்காதா?"

தம்பி மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் அதே சந்தேகம்தான்" என்றாள்.

மூன்றரை ஆனது. ஒருமுறை ஃபோன் மினுங்கியது, இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள், ஏதோ சோப்பு விளம்பரம். நாலு மணிக்குத் தையலக்கா எழுந்து டீ போட்டாள். அடுப்பை அணைக்கும்போது பின்னால் ஃபோன் ஒலித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் பாத்திரத்தையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிட்டார்" என்றாள் தம்பி மனைவி. "நாலு மணி எட்டு நிமிஷம்னு போட்டிருக்கு."

"முழுசாவா?"

"முழுசா."

"நல்லா படிச்சுப் பாரு."

அவள் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள். தையலக்கா டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினாள். கொஞ்சம் மேடையில் சிந்தியது. துடைத்துவிட்டு, சாயங்காலம் வரப்போகிறவனுக்காகப் பாத்திரத்தில் மிச்சத்தை மூடி வைத்தாள்.